சிவப்பு அட்டை போட்ட கூண்டுகள்

மும்பையில் செம்பூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பத்தாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலைதான். கூண்டில் உமி மாற்ற வேண்டும், தண்ணீர்க் குப்பி கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வேண்டாத எலிகளைக் கொல்ல வேண்டும். எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. எலிகளிடம் அந்தத் தொந்தரவு கிடையாது.

மூன்றாம் மாடியில் ஒரு லேப். அதற்கு ஒரு சார். அவருக்குக் கீழே இரண்டு போஸ்ட்டாக். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் இன்னொருவருடைய லேபில் வருடக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு ஆராய்ச்சி செய்கிறவர்களை அப்படிச் சொல்வார்கள். அங்கிருந்துதான் சொந்த லேபுக்குப் போக முடியும். போகாதவர்களே அதிகம்.

இருவரில் ஒருத்தி தாராவியில் எங்கள் சந்தில் வளர்ந்த பெண். உறவு இல்லை, ஆனால் ஊர் ஒன்று என்பதால் என்னைச் சித்தப்பா என்பாள். இன்னொருவன் மாட்டுங்காக்காரன், அவனும் தமிழன்தான். அவன் தாத்தா காலத்திலிருந்தே ஆபீஸ் உத்தியோகக் குடும்பம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தப்பா, ஒண்ணு சொல்லணும். அங்க வச்சு என்னைத் தெரிஞ்ச மாரி காட்டிக்கிடாதிய. வீடு தாராவின்னு சொல்லல, சயான்னுதான் சொல்லி இருக்கேன்."

"சரிம்மா."

"தப்பா நெனைக்காதிய."

"நான் யாருட்ட பேசப் போறேன்?" என்றேன். அது உண்மைதான். அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். அவள் முன்வாசலில் இறங்குவாள், நான் பின்வாசலில்.

சந்தில் அவளை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். முழங்கால் வலி என்று கிழவர்கள் வந்து நிற்பார்கள். அவளுடைய அம்மா விளக்கி விளக்கிச் சோர்ந்துவிட்டாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி கேட்டாள்.

"டாக்டர் படிப்பு முடிஞ்சிட்டுன்னியளே, பொறவும் என்னத்தப் படிக்கா?"

"இது படிப்பு இல்லக்கா, வேலை."

"வேலைன்னா எதுக்கு வருசா வருசம் முடிஞ்சு போவுது? எங்க வீட்டுக்காரருக்கு தோல் கம்பெனியில இருவது வருசமா முடியலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா குடத்தை நிறைய விடாமலே தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் வளர்த்தவை கறுப்பு எலிகள். பல தலைமுறை கலந்து கலந்து அவளே உண்டாக்கிய வகை. பிறக்கும்போது நன்றாக இருக்கும். வளர வளரப் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். மேல்தட்டில் இருக்கிற தீனிக்கு எம்ப முடியாது என்பதால், ஊறவைத்த தீனியைக் கூண்டின் தரையிலேயே வைப்பேன். மனிதர்களுக்கும் அப்படி ஒரு நோய் உண்டாம். எந்த இடத்தில் அது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. அதே கேள்வியை சார் மாட்டுங்காக்காரனுக்கும் கொடுத்தார். வேறு வழியில் போய்ப் பார் என்றார். அடுத்த வருடத்துக்கு ஒரு போஸ்ட்டாக் இடம்தான் இருக்கிறது, யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு என்று இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். போட்டி வைத்தால்தான் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பது அவருடைய கொள்கை.

அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை கூட்டத்தில் யாருடைய சோதனை சரியாக வரவில்லையோ அவர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். வாங்கி வருவது நான்.

"சலோ, இன்னைக்கு யாரு பாவி?" என்று சார் இந்தியில் கேட்பார். மாட்டுங்காக்காரன் தோற்ற வாரங்களும் உண்டு. அப்போது சார் அவன் முதுகில் தட்டுவார். அவள் தோற்றால் தட்ட மாட்டார். "காரமா வாங்கச் சொல்லு, மேடத்துக்கு மூளை வேலை செய்யட்டும்" என்பார். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் பணத்தை நீட்டுவாள், பெயர் தெரியாத ஆளிடம் நீட்டுவது போல.

ஒரு திங்கட்கிழமை நான் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். மாட்டுங்காக்காரன் என்னிடம் தமிழில் ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா, நீ தாராவிதானே?"

"ஆமா சார்."

"அதான பாத்தேன். அங்க தோல் நாத்தத்துல இருந்து வர்றவனுக்கு எலி நாத்தம் எல்லாம் ரோஜாப்பூ மாதிரி இருக்கும், இல்லையா?"

அதை அவனே இந்தியில் மாற்றி எல்லோருக்கும் சொன்னான். சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தாள். நான் சட்னியை ஊற்றி வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

சில மாதம் கழித்து சாரும் மாட்டுங்காக்காரனும் எலி அறைக்கு வந்தார்கள். நான் குப்பி கழுவிக்கொண்டிருந்தேன். எங்களைப் போன்றவர்கள் நிற்பதைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சார் அவளுடைய கூண்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"வேலை என்னவோ அவளோடதுதான் நல்லா இருக்கு," என்றார். "ஆனா நாளைக்குக் கல்யாணம் ஆச்சுன்னா போயிடுவா. ஆகலைன்னா அழுதுக்கிட்டு இங்கேயே கிடப்பா. ரெண்டும் எனக்கு வேண்டாம். நீ இந்த எலிகளை எடுத்துக்கோ. முடிச்சு உன் பேர்ல கட்டுரை எழுதிடலாம்."

"அவங்க ஒத்துக்குவாங்களா சார்?"

"எலிக்கு அம்மாவா அவ?"

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அடுத்த திங்கட்கிழமையே கூட்டத்தில் சார் அறிவித்துவிட்டார். இடம் மாட்டுங்காக்காரனுக்கு. அவளுக்கு மாதக் கடைசி வரை நேரம். வருகிற திங்கட்கிழமை முதல் அவளுடைய கூண்டுகள் எல்லாம் அவன் பெயருக்கு மாறும். சொல்லி முடித்துவிட்டு, "சமோசா இன்னைக்கு மேடம்தான்" என்றார். அவள் வாசலுக்கு வந்து என்னிடம் பணம் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா வாங்குங்க" என்றாள்.

எலி அறையில் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு கூண்டின் முகப்பிலும் ஓர் அட்டை. அதில் அந்த எலிக்குச் சொந்தக்காரரின் பெயர். சொந்தக்காரர் வந்து அதன்மேல் சிவப்பு அட்டை செருகிவிட்டால், வெள்ளிக்கிழமை அந்தக் கூண்டு முடிந்துவிடும். ஏன் எதற்கு என்று நாங்கள் கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினேன். அவளுடைய அலமாரி முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவள் முகமூடி, கையுறையோடு நின்றிருந்தாள்.

"சித்தப்பா, செஞ்சிருங்க."

அந்தக் கட்டடத்துக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாத்தையுமாம்மா? சினை எலி கெடக்கு. குட்டி போட்டது கெடக்கு."

"எல்லாத்தையும்."

"திங்கக்கெழமை அவரு பேருக்கு மாத்தணும்னு சொன்னாவளே."

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"அட்டையில யாரு பேரு இருக்கு?"

எலிகளைக் கொல்கிற பெட்டியை இழுத்து வைத்து வாயுக் குழாயை மாட்டினேன். வாயுவை மெதுவாகத் திறக்க வேண்டும், திடீரென்று திறந்தால் எலிகள் அலறும். நன்றாக நடக்கிறவை முதலில் மூலைக்கு ஓடின. கால் இழுக்கிறவை இருந்த இடத்திலேயே தலையைத் தூக்கிப் பார்த்தன. கூண்டு கூண்டாகப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள். முகத்தைத் திருப்பவே இல்லை.

கண் திறக்காத குட்டிகள் வாயுவில் சீக்கிரம் சாவதில்லை. அவற்றுக்குக் கத்தரிக்கோல்தான். நான் எடுக்கப் போனேன்.

"நீங்க வேண்டாம். குடுங்க" என்று கையை நீட்டினாள்.

குட்டிகள் அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினாள். முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து என்னிடம் தந்தாள். "இனி எவனும் எழுத முடியாதுல்லா" என்றாள். அது கேள்வி இல்லை. அப்போது அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அவளிடம் அப்படி ஒன்றை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது அந்த நேரத்தில்தான். தோல் நாற்றத்துக்குச் சிரித்தபோதுகூட அப்படி இல்லை.

திங்கட்கிழமை மாட்டுங்காக்காரன் புது அட்டைகளில் தன் பெயரை அழகாக எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். கழுவிக் கவிழ்த்த கூண்டுகளைப் பார்த்தான். ஓடிப்போய் சாரைக் கூட்டிவந்தான்.

"யாரைக் கேட்டுச் செஞ்ச?" என்றார் சார்.

"அட்டை போட்டிருந்துச்சு சார்."

"போன் பண்ணிக் கேக்கத் தெரியாதா?"

"அட்டையில அவங்க பேருதான் இருந்துச்சு சார்."

அறைவார் என்று நினைத்தேன். அறையவில்லை. வேலையாள் விடுகிற கம்பெனியிடம் சொல்லி அன்றே என்னைத் தோட்டத்துக்கு மாற்றினார். மாட்டுங்காக்காரனைப் பார்த்து, "எலியே இல்லாம உனக்கு எதுக்கு ஒரு வருஷம்?" என்று கேட்டாராம். மாதக் கடைசியில் அவனும் போனான். அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை.

அவள் வெளிநாட்டு லேப்களுக்கும் பெங்களூருக்கும் புனேவுக்கும் விண்ணப்பம் போட்டாள். எங்கே போட்டாலும் முந்தைய சாரைக் கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பொறுமையாக அந்த வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னார். சந்தில் அவளுடைய அம்மா இப்போது எதையும் விளக்குவதில்லை. முழங்கால் வலிக்காரர்களும் வருவதில்லை.

கடைசியில் வாஷியில் லேபுக்குக் கையுறை, குழாய், ரசாயனம் விற்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். போன மழைக்காலத்தில் பையும் விலைப்பட்டியலுமாக எங்கள் நிலையத்துக்கே வந்தாள். கம்பெனி அனுப்பினால் போகத்தானே வேண்டும். வராந்தா பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நான் தொட்டிச் செடிகளில் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு சார் தன் ஆட்களோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்து நின்றார்.

"அரே, நீயா? அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு தெரியுமா? அப்ளை பண்றியா?"

அவள் எழுந்துவிட்டாள். பை மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

"பண்ணட்டுமா சார்?" என்றாள்.

சார் சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். படி இறங்கிப் போகும் வரை அந்தச் சிரிப்பு கேட்டது. அவள் குனிந்து விலைப்பட்டியல்களைப் பொறுக்கினாள். ஒன்று என் காலடியில் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே வந்து எடுத்துக்கொண்டாள்.