அப்பா பார்த்த இங்கிலீஷ் படங்கள்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். அப்பா கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் வந்து தங்கியிருந்தார். வடக்கனந்தல் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு ஏறும் நாளில் அவர் வயலில் இல்லாமல் இருந்ததே கிடையாது. அந்த வருடம் மட்டும் எல்லாவற்றையும் அண்ணனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். காரணம், தீராத வயிற்றுவலி.

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எல்லாம் முடிந்ததும், டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய், முற்றிவிட்டது, ஆபரேஷனால் பயனில்லை என்றார். வெளியே வந்த அண்ணன், வெறும் வயிற்றுப்புண்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். விஷயம் தெரிந்தால் மனசு விட்டுப்போய் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று பயம். நானும் தலையாட்டினேன்.

சொன்ன பொய்க்கு ஏற்றபடி சமைக்கவும் வேண்டுமே! புண் என்றால் காரம் ஆகாது. இட்லி, மோர்ச் சோறு, பருப்புத் தண்ணீர் என்று போட்டேன். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு வாய் இறங்காத மனுஷன், தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவார்.

மத்தியானத்தில் அவருக்குப் பொழுது போகாது. சீரியலில் எல்லாரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். ஒருநாள், தமிழில் பேசும் இங்கிலீஷ் படம் ஒன்றைச் சும்மா போட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டது. சண்டைப் படம் இல்லை. இப்போது வருகிற குடும்பக் கதைகள். கதையைவிட அந்த மனுஷர்கள் இருக்கிற விதம்தான் அவருக்கு வேடிக்கை. ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுக்கிறானே என்பார். இத்தனை பெரிய வயலில் ஒரு ஆளைக்கூடக் காணோமே, களை யார் எடுப்பது என்பார். வந்தவனைச் சாப்பிட்டாயா என்று ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று அவருக்குப் பெரிய கவலை. எனக்கு எங்கே பதில் தெரியும்? நானும் கூட உட்கார்ந்து யோசிப்பேன். கல்யாணமாகிப் போன பிறகு அப்பாவோடு அவ்வளவு நேரம் பேசியது அந்த மத்தியானங்களில்தான்.

அப்படி ஒருநாள் பார்த்த படத்தில் ஒரு வயசான விவசாயி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் அவரை எதிரே உட்காரவைத்து, உங்களுக்கு இன்ன நோய், இன்னும் கொஞ்ச காலம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். சட்டென்று படத்தை மாற்ற ரிமோட்டைத் தேடினேன். அது அப்பா மடியில் இருந்தது.

"இன்னாமா இது, அவங்கிட்டயே சொல்றாரு டாக்டரு? கூட யாரும் வர்லியா அவனுக்கு?"

அந்த ஊரில் நோயாளியிடம்தான் சொல்வார்கள், கூட ஆள் இருந்தாலும் அப்படித்தான் என்றேன். அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கும் கூட யாரும் வர்லன்னு நெனச்சிக்கினு சொல்லு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. டாக்டர் சொன்னது அத்தனையும் சொல்லிவிட்டேன். அழுகை எனக்குத்தான் வந்தது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வயிற்றில் புண்ணே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப இத்தினி நாளா காரத்த இன்னாத்துக்கு நிறுத்துன?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலமே நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து குழம்பு வைத்தேன்.

அண்ணன் விஷயம் தெரிந்து குதித்தார். பெற்ற அப்பனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டாயே என்று என்னைத் திட்டினார். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போல அப்பாவை வெளியே இருக்கச் சொன்னபோது, அவர் எழுந்திருக்கவில்லை. என் உடம்புதானே, நானே கேட்டுக்கொள்கிறேன் என்றார். வெட்டிய அடியில் துளிர்த்து அடுத்த வருடம் வரும் கட்டைக் கரும்பு வெட்டுக்கு இருப்பேனா என்று கேட்டார். டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்து, கஷ்டம்தான் ஐயா என்றார். ஊர் திரும்பியதும் அப்பா என் வீட்டுக்கு வரவில்லை. நேராக வயலுக்குப் போய், மிச்சமிருந்த லோடு ஏறி முடிகிறவரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சொன்னபடியேதான் ஆயிற்று; கட்டைக் கரும்பு வெட்டுக்கு அப்பா இல்லை. நான் செய்தது தப்பு என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். சரி என்று அடித்துச் சொல்ல எனக்கும் தைரியமில்லை. ஆனால், அப்பாவின் உயிரைப் பற்றி அப்பாவைத் தவிர எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்த அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.