இரு, கை இருக்கு

காலையிலிருந்து இரும்புத் தட்டுகளைத் தூக்கியதில் அன்று இரவு என் இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்போல் வலித்தது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அப்படி வலிக்கிறவனுக்குத் தூக்கம் வராது. நான் தூங்கவில்லை. கனவு காணவில்லை. குடிக்கிற பழக்கமும் கிடையாது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் செய்வது உயரும் கம்பங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஒன்பது அலுமினியக் குழாய்கள். உச்சியில் விளக்கோ கேமராவோ வைத்து, கீழிருந்து கம்ப்ரஸரால் காற்றை அடித்தால் ஒவ்வொரு குழாயாக மேலே எழும்பும். முழுசாக நீண்டால் ஆறு மாடி உயரம். வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டால் ஒரே நிமிஷத்தில் ஆள் உயரத்துக்கு அடங்கிவிடும். அவற்றைச் சோதித்துப் பார்ப்பது எனக்கும் என் மச்சானுக்கும் வேலை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஏற்றுவோம், இறக்குவோம், மறுபடி ஏற்றுவோம். உடைவதானால் எங்கள் முன்னால் உடையட்டும், ஊரான் தலையில் உடைய வேண்டாம். அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

இந்த வேலையில் உயரத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அடிக்குழாயின் வாய். தலைக்குச் சற்று மேலே இருக்கும். அங்கே ஒரு பூட்டு ஆணி. கம்பத்தை இறக்கும் முன் ஒருவன் கையை உயர்த்தி அந்த ஆணியை உருவ வேண்டும். இன்னொருவன் ஆறு அடி தள்ளி, வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கம்பம் இறங்கும்போது மேல்குழாயின் விளிம்பு வந்து கீழ்க்குழாயின் வாயில் உட்காரும். இடையில் விரல் மாட்டினால் நறுக்கின வெண்டைக்காய்தான். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம். வால்வுக்காரன் “இறக்குறேன்!” என்று கத்துவான். கம்பத்தடியில் இருப்பவன் கையை எடுத்த பிறகே “கை இல்ல!” என்பான். எடுக்காவிட்டால் “இரு, கை இருக்கு!” என்பான். “கை இல்ல” என்ற சொல் காதில் விழாமல் யாரும் வால்வைத் தொடமாட்டோம். தனியாக வேலை செய்தால்கூட, தானே கத்தி, தானே பதில் சொல்லிக்கொண்டு இறக்குவோம். அப்படி ஊறிப்போன பழக்கம்.

அன்று நிறுத்திவைக்கும் சோதனை. உச்சியில் இரும்புத் தட்டுகளை எடையாக ஏற்றி, முழு உயரத்தில் இரவு முழுக்க நிறுத்த வேண்டும். பகலில் செய்தால் வெயிலில் உள்காற்று விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். உச்சியிலிருந்து ஒரு அளவு நாடா தரைவரை தொங்கும். காற்று கசிந்து கம்பம் எவ்வளவு இறங்குகிறது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கம்பம் நின்ற முற்றத்து மதிலுக்கு அப்பால் தொழிலாளர் வீடுகள். மதிலை ஒட்டிய முதல் வீடு எங்களுடையது. தகரக் கூரை. உள்ளே என் மனைவியும் நாலு வயது மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பம் அந்தப் பக்கம் சாய்ந்தால் எங்கே விழும் என்று எவனும் எனக்கு அளந்து காட்ட வேண்டாம். ஆனால் மூன்று பக்கமும் கம்பி இழுத்து முளையடித்துக் கட்டியிருந்தோம். வெளிக்காற்றின் வேகம் மீறினால் அதை அளக்கும் மீட்டர் அலறும். அலறினால் உடனே இறக்கிவிட வேண்டும். பயமில்லை என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு நாடாவைப் பார்த்தேன்.

“எவ்ளோ மாப்ள?” என்றார் மச்சான், பாயைச் சுருட்டிக்கொண்டே.

“ரெண்டு மில்லி ஏறியிருக்கு.”

“எறங்கியிருக்குன்னு சொல்லு.”

“இல்ல மச்சான். ஏறியிருக்கு.”

“வளர்ற வயசு, விடு. என்னை ரெண்டு மணிக்கு எழுப்பு. முன்னாடி எழுப்பினே, தங்கச்சிகிட்டச் சொல்லி நாளைக்கு உன் சோத்த நிறுத்திருவேன்.”

சிரித்துக்கொண்டே சாமான் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. முழுசாக நீண்டுவிட்ட கம்பத்துக்கு அதற்குமேல் நீள இடமே கிடையாது.

பன்னிரண்டரை மணிக்கு ஒன்பது மில்லி. கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டுக் கிடந்தது. ஓடவே இல்லை.

ஒன்றேகாலுக்குச் சத்தம் கேட்டது. டக்… டக்… டக்… குழாய்க்கு உள்ளிருந்து. நகத்தால் தட்டுவதுபோல. அலுமினியம் குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாயில் கையை வைத்தேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன். மறுபடி… டக்.

ஒன்று நாற்பத்தேழு. மீட்டர் அலறியது.

காற்று எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தூசி கண்ணில் அறைந்தது. மேலே தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. ‘ட்டிங்’ என்று ஒரு சத்தம். மதிலுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியின் முளை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. கம்பம் மெல்லச் சாய்ந்தது. என் வீட்டுப் பக்கம்.

ஓடிப்போய் ஆணியை உருவினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வால்வுக்கு வந்தேன். பழக்க தோஷம், வாய் தானாகக் கத்தியது.

“இறக்குறேன்!”

“கை இல்ல” என்று நானே சொல்ல வாயைத் திறந்தேன்…

“இரு. கை இருக்கு.”

ஆண் குரல். அவசரமில்லாத குரல். வேலையில் மூழ்கியிருப்பவன் பேசுகிற குரல்.

கம்பத்தடியைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் நன்றாகவே இருந்தது. யாரும் இல்லை.

“யாரு?”

வால்வில் கையை வைத்துக்கொண்டு மறுபடி கத்தினேன்.

“இறக்குறேன்!”

“இரு… கை இருக்கு.”

மேலே கம்பம் முனகியது. மதிலுக்கு அப்பால் தகரம் படபடத்தது. உள்ளே என் பிள்ளை. நான் என்ன செய்யட்டும்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வால்வைத் திறந்தேன்.

‘புஸ்ஸ்’ என்று காற்று சீறியது. கம்பம் சடசடவென்று இறங்கியது. பிறகு… ‘நறுக்’. ஈரக் குச்சி முறிகிற சத்தம். கூடவே ஒருவன் அலறினான். என் வாழ்நாளில் அப்படி ஓர் அலறலைக் கேட்டதில்லை.

வால்வைச் சாத்தினேன்.

என் கண் முன்னால் அந்தக் கம்பம் மறுபடி மேலே ஏறியது. கம்ப்ரஸர் ஓடவில்லை. ஒவ்வொரு குழாயாக… நிதானமாக… முழு உயரத்துக்கு.

பையில் கைவிட்டேன். ஆணி இல்லை.

ஆணி அதன் துளையில் இருந்தது.

அலறல் கேட்டோ என்னவோ மச்சான் ஓடிவந்தார். “என்ன மாப்ள, யார் கத்தினது?”

“மச்சான், புள்ளயத் தூக்கிட்டு வந்துரலாம். வாங்க.”

அவர் கம்பத்தின் சாய்வைப் பார்த்தார். “கேட்டச் சுத்திப் போயி எழுப்புறதுக்குள்ள விழுந்துரும். எறக்க ஒரு நிமிஷம். நீ ஆணிய உருவு.”

“உள்ள யாரோ…”

“உருவுடா!”

அவர் வால்வுக்குப் போனார். நான் கம்பத்தடிக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது?

கையை உயர்த்தினேன். ஆணியை உருவினேன். கீழே போட்டேன்.

கையை இழுத்தேன்.

வரவில்லை.

என் விரல்கள் குழாயின் வாயில் இருந்தன. அவற்றின் மேல் ஒரு உள்ளங்கை அழுத்திக்கொண்டிருந்தது. குளிர்ச்சி இல்லை. சூடு. வியர்வை. காய்ப்பு ஏறிய கை. எங்களைப்போல் உழைத்த கை. ஆனால் அந்தக் கையில் கட்டைவிரலைத் தவிர விரல் எதுவும் தட்டுப்படவில்லை.

“இறக்குறேன்!” என்றார் மச்சான்.

‘கை இருக்கு’ என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். சத்தம் வரவில்லை.

என் காதோரம் ஒரு குரல் பதில் சொன்னது.

“கை இல்ல.”

என் குரல்.

அச்சு அசலாக… என் குரல்.

மச்சானுக்குச் சட்டம் தெரியும். பதில் கேட்டாயிற்று.

திறந்தார்.

‘புஸ்ஸ்…’

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பார்க்கத்தான் முடிந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். வலது கையில் பெரிய கட்டு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பம் நல்லபடியாக அடங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

மச்சான் சுவரோரம் நின்று அழுதார். “நீதான மாப்ள சொன்ன? தெளிவாச் சொன்ன. என் காதால கேட்டேன்.”

“ஆமா மச்சான், நான்தான் சொன்னேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் அவருக்கு இன்னும் பாரம். அன்றைக்கு வேலையை விட்டவர்தான், இன்றுவரை எந்த வால்வையும் தொடவில்லை.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“கம்பத்தைப் பிரிச்சோம்பா. சுத்தம் பண்ண.”

“சரி சார்.”

“உனக்கு எத்தனை விரல் போச்சு?”

“ரெண்டு சார்.”

அவர் தரையைப் பார்த்தார். “உள்ள ஆறு இருந்துச்சு.”

இரண்டு என்னுடையவை. மற்ற நான்கும் காய்ந்து கறுத்திருந்தனவாம். ஒரே கையின் விரல்களாம். பல வருஷம் பழசு என்று டாக்டர் சொன்னாராம். கம்பத்தின் குழாய்களோ அந்த மாதம்தான் வார்த்து வந்தவை. பட்டறையில் எல்லோர் கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். யாருக்கும் குறையவில்லை. பழைய ஆட்களிடம் விசாரித்தார்கள். இங்கே அப்படி யாருக்கும் நடந்ததில்லை என்றார்கள்.

அவன் யார் என்று எனக்குத் தெரியாது. எப்போது அங்கே வந்தான், எப்படி உள்ளே போனான், தெரியாது. அவன் ‘இரு’ என்று இரண்டு முறை சொன்னான். நான் திறந்தேன். அவனுக்கு நான்கு விரல் போயிற்று.

என்னிடம் இரண்டை எடுத்துக்கொண்டான்.

இன்னும் இரண்டு விரல் நான் அவனுக்குக் கடன்.