பாட்டுக்கு நடுவே ஒரு பன்றி

1986 ஆகஸ்ட் கடைசி நாள், நசரேனர் தேவாலயத் திருவிழாவுக்கு மறுநாள், அச்சாவோ என்ற தீவு ஊரின் படகுத்துறையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பையோடு நின்றார்கள். ஒருத்தி ஏறினாள். இன்னொருத்தி ஏறவில்லை.

ஏறியவள் நெரினா. தோளில் கித்தார். தலைநகர் சாந்தியாகோவில் பாடகி ஆகப் போகிறவள். ஏறாதவள் எடெல்மிரா, அவளோடு போகக் கிளம்பிய தோழி, ஊர் வானொலியில் செய்தி வாசிப்பவள். அவளுடைய ஒரு கால் படகுக்குள் போயாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வானொலி முதலாளி தோன் அபெலினோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எடெல்மிரா! வடகாத்து கிளம்பிடுச்சு. திருவிழாவுக்குப் போன படகெல்லாம் இன்னும் கடல்ல நிக்குது. மைக்குல நானா உக்காருறது? என் குரலக் கேட்டா மீனே செத்து மிதக்கும்."

தீவுகளில் அப்போது தொலைபேசி கிடையாது. படகு வருமா, பிள்ளை பிறந்ததா, யார் செத்தார் என்பதெல்லாம் வானொலி சொன்னால்தான் தெரியும். எடெல்மிரா காலை வெளியே எடுத்தாள்.

"அடுத்த படகுல வந்துர்றேன்டி."

"நீ வந்து கிழிச்ச! முதல்ல நான் ஒரு ரூம் பாக்குறேன். கூப்பிட்ட உடனே கிளம்பணும். சாக்கு சொன்னே, கொன்னுருவேன்."

கிளம்புவதற்கு முந்தின வாரம் வானொலி அறையில் உட்கார்ந்து நெரினா ஒன்பது பாட்டுகள் பாடி, ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தாள். வேறு வாத்தியம் இல்லை. கித்தாரில் ஒரு தந்தி அறுந்து, அங்கே மீன்பிடி நரம்பைக் கட்டியிருந்தாள். தகரக் கூரையில் மழை பெய்வதும் நாற்காலி முனகுவதும் பாட்டோடு சேர்ந்தே பதிந்தன.

படகு போன அன்று மாலையே எடெல்மிரா அதை ஒலிபரப்பினாள். மூன்றாவது பாட்டு, ஆட்டு ரோமம் கத்தரிக்கத் தெற்கே போன கணவனை நினைத்து ஒருத்தி பாடுவது. பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது கதவுக்கடியில் ஒரு துண்டுக் காகிதம் வந்து விழுந்தது. அவசரச் செய்தி என்றால் பாட்டு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. வந்தது வந்தபடி, ஒரு சொல் மாற்றாமல், இரண்டு தடவை வாசிக்க வேண்டும். அந்த வானொலியின் சட்டம் அது. எடெல்மிரா பாட்டின் ஒலியைக் குறைத்து மைக்கைத் திறந்தாள்.

"அப்பியாவோ தீவு, செகுந்தினோவுக்கு. பன்றியைக் கொண்டு வர வேண்டாம். வாங்குகிறவர் மனம் மாறிவிட்டார்."

தோன் அபெலினோ தன் வீட்டு ரேடியோவிலிருந்து அந்தப் பாட்டுகளைப் பன்றியோடு சேர்த்தே பதிவு செய்திருந்தார். நல்லவேளை என்பதா, கெட்ட வேளை என்பதா தெரியவில்லை. ஏனென்றால் அடுத்த வாரமே அவருடைய மருமகன் மூலக் கேசட்டின் மேல் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பதிந்து தொலைத்தான். மிஞ்சியது பன்றிக் கேசட் மட்டும்.

அது வீட்டுக்கு வீடு நகலாகிப் பரவியது. அதைக் கேட்டால், யாரோ மேடையில் பாடுவதுபோல இருக்காது. நம் அடுக்களையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு ஒருத்தி தனக்குத்தானே பாடுவதுபோல இருக்கும். கல்யாண வீடுகளில் அந்த மூன்றாவது பாட்டு வந்தால், உச்சத்தில் கித்தார் நின்றுவிடும். யாராவது எழுந்து பன்றிச் செய்தியைச் சொல்வார்கள். இரண்டாம் தடவை கூடமே சேர்ந்து சொல்லும். பிறகுதான் பாட்டு தொடரும்.

"என்ன செகுந்தினோ, பன்னி சௌக்கியமா?"

"அத நான் அந்த வருஷமே தின்னு முடிச்சாச்சு. உங்க வாயிலதான் இன்னும் மேயுது."

நெரினா தலைநகரில் பெயர் வாங்கினாள். எடெல்மிராவை மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. பெரிய வாத்தியக் குழுவோடு இசைத்தட்டுகள் வெளியிட்டாள். தீவுக்காரர்கள் அவற்றைக் கேட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள், பழைய கேசட்டைப் போடச் சொன்னார்கள். ஒருநாள், அதற்குள் தொலைபேசி வந்துவிட்ட வானொலி நிலையத்துக்கு நெரினா பேசினாள்.

"அந்தப் பன்னியத் தூக்குடி!"

"எப்படித் தூக்குறது? அதோட சேர்ந்துதானே பதிவாகியிருக்கு."

"அப்ப போடாதே. நேத்து மேடையில அந்தப் பாட்டப் பாடுறேன், நம்ம ஊர்க்காரன் எவனோ எழுந்து பன்னியக் கொண்டு வராதேன்னு கத்துறான். அரங்கமே சிரிக்குது. என் உசிரக் கொடுத்துப் பாடுற இடம்டி அது."

"நான் புறப்பட்டு வரட்டுமா நெரினா? நேர்ல பேசினா..."

"நீ வர வேண்டாம்."

கூப்பிட வேண்டியவளே வராதே என்றுவிட்டாள். எடெல்மிரா கேசட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அடுத்த நாளே அலாவோ தீவுப் பெண்கள் செய்தி அனுப்பினார்கள்: "வானொலி எடெல்மிராவுக்கு. உங்கள் சண்டையில் எங்களுக்குப் பங்கில்லை. கேசட்டைப் போடு." சட்டப்படி அதையும் இரண்டு தடவை வாசித்தாள். ஆனால் போடவில்லை.

அதன்பின் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் தாண்டிப் பேருந்து நிலையம் வரை போவாள். சாந்தியாகோ வண்டி புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? மேசையை ஜன்னலோரம் இழுப்பாள், மறுவாரம் சுவரோரம் தள்ளுவாள். சால்மன் மீன் பண்ணையில் இயந்திரம் பழுதுபார்ப்பவனைக் கட்டிக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நிக்கிறவ கூட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்று சொல்லி அவன் போய்விட்டான். அவள் மறுக்கவில்லை. தினமும் செய்திக் கட்டு வந்ததும் அனுப்பியவர் பெயர்களைத்தான் முதலில் புரட்டுவாள்.

வருடங்கள் போயின. தீவுகளுக்குக் கைப்பேசி வந்தது, செய்திகள் குறைந்தன. பெயர்களைப் புரட்டும் பழக்கம்கூட அவளுக்கு விட்டுப்போனது. அதனால்தான் 2009 ஏப்ரலில் ஒரு மாலை, நிலையத்துப் பெண் நீட்டிய தாளை மைக் முன்னால் அப்படியே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். தன் பெயர் வந்ததும் கண் தாளின் அடிக்கு ஓடியது. நிறுத்த முடியாது, தீவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அச்சாவோ, எடெல்மிராவுக்கு. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்தது. இனி எனக்குப் பாட்டு இல்லை. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, எனக்கு அது பழக்கமில்லை. கேசட்டைப் போடுவதானால் போடு. கிளம்பி வா. வாசல் மணி கெட்டுப்போயிருக்கிறது. தெருவில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்து. நெரினா."