மணி அடிக்காத மெஷின்

நேற்று ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டேன். கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. "அந்தச் சத்தத்தை நிறுத்தித் தொலையுங்களேன்" என்றாள் மனைவி. கதவை மூடினேன். சத்தத்தை நிறுத்து என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் எனக்கு ஒரு பழைய மெஷின்தான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் கடைசி. உத்திரமேரூரில் ஓர் அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதப் போனவன் நான். கோயில் மாதிரி வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். பெரிய மேதை என்ற நினைப்பு வேறு. தப்பு நடந்தால் மெஷின் கத்தும்படி எழுதியிருந்தேன். அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாய்யா, எப்பப் பாரு கத்திக்கினே கீது? ஒரே பேஜாரு. அதோட வாய மூடு." ஒரே ஒரு வரியை அழித்தேன், மூடிக்கொண்டது. டீ வாங்கிக் கொடுத்தார்.

டைப் அடிக்கத் தற்காலிகமாக எஸ்தர் வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்தவள். ரிப்பன் மை வாசம் அடிக்கும் அந்த இடத்தில், கண் தாளைவிட்டு நகர்ந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும்; வரி முடிவதை டைப்ரைட்டர் மணியே சொல்லிவிடும். இங்கேயும் அவள் திரையைப் பார்த்ததே இல்லை. அந்த வேகத்தை நான் வாய் பிளந்து பார்த்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அடித்தது வீட்டுமனைப் பட்டா கேட்டவர்களின் பட்டியல். எல்லாரும் ஏரியோரத்துக் கூலிக்காரர்கள். ஐப்பசியில் குடிசைக்குள் தண்ணீர் வந்துவிடும். அவள் குடும்பமும் அங்கேதான். தன் தெருவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். "எங்க தெருவ முன்னால அடிச்சா பேச்சு வரும் சார்."

கடைசித் தெரு வரும்போது, அடித்ததைப் பதிந்துவைக்கும் ஃப்ளாப்பி நிறைந்துவிட்டது. இனி எதுவும் பதியாது என்று திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருக்கும். சத்தமில்லை. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். பட்டியல் காஞ்சிபுரம் போய்ப் பட்டா வந்தபோது, அந்தத் தெருவில் ஒருவர் பெயரும் இல்லை. அவள் அம்மா பெயரும்தான். அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதிகாரி முன்னால் நின்று அழுதாள். "மணி அடிக்கலியே சார். அடிச்சிருந்தா நிமிந்து பாத்திருப்பேனே."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"அந்த மெஷினுக்கு மணியே கெடையாதும்மா" என்றேன் நான். வேலை போனது அவளுக்கு.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் கடை; ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் கத்துகிறது. ஏரியோரத்தில் தெருவைக் காணோம். ஏதோ ஓர் ஐப்பசியில் கிளம்பிப் போனார்களாம். எங்கே என்று சொல்ல ஆளில்லை. மணி இருந்ததும்மா, நான்தான் பிடுங்கினேன் என்று அவளிடம் சொல்ல வைத்திருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.