மலாக்காவில் இரண்டு கைகளாலும் தொட்டேன்

1996இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்து நான்கு வயதில், தொந்தியும் நானுமாக மலாக்காவுக்கு நீச்சல் போட்டிக்குப் போனேன். நடுவயதில் மறுபடியும் நீந்தக் கிளம்பும் சிலர் அந்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். கட்டணமெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு, அதை நம்பி டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

என்னை அழைத்தவன் மாரிமுத்து. அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். "டேய் சேகர், நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குப் போட்டி வைக்கிறாங்க லா. நூறு மீட்டர் தவளை நீச்சல். வா, இன்னொரு தடவை பார்த்துடுவோம்," என்றான் போனில். 'இன்னொரு தடவை' என்றதும் சுருக்கென்றது. மூன்று மாதம் விடாமல் நீந்தினேன். மனைவியிடம் சர்க்கரை வியாதிக்காக என்று சொல்லி வைத்தேன்.

தவளை நீச்சலில் சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் போட்டியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். நாங்கள் பழகியதோ தோட்டத்து ஆலைக் குட்டையில். அங்கே சுவர் ஏது? எதிர்க்கரையில் ஒரு பலகை, அதை ஒரு கையால் எட்டிப் பிடித்தவன் ஜெயித்தவன். பதினாறு வயதில் மலாக்கா டவுனில் மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது, கடைசி நொடியில் எனக்கு அந்தக் குட்டைப் பழக்கம் வந்துவிட்டது. ஒரே கையால் தொட்டேன். நடுவர் கவனிக்கவில்லை. நான் முதல், மாரி இரண்டாவது. ஒருவருக்குத்தான் இடம். அணியில் சேர்ந்ததால் எனக்குக் கோலாலம்பூரில் அரசாங்க வேலை கிடைத்தது. மாரி மறுமாதமே தோட்டத்தில் பால்வெட்டப் போனான்.

கோலாலம்பூரிலிருந்து காலை ஏழரை பஸ், கட்டணம் ஆறு வெள்ளி எண்பது காசு. நூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து குளத்துக்கு டாக்சி ஐந்து வெள்ளி. என் பையைப் பார்த்த டிரைவர், "பிள்ளைங்க நீந்துதாண்ணே?" என்றார். நான்தான் என்றதும் வடகோடி அலோர் செட்டாரில் குடியிருப்பவர் வரை கேட்கும்படி சிரித்தார்.

பதினொரு மணி வெயிலில் ஆறு பேர் குதித்தோம். பக்கத்து லேனில் மாரி. கடைசி இருபத்தைந்து மீட்டரில் நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. ஆனாலும் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துச் சுவரைத் தொட்டேன். மாரி முந்தியே வந்திருந்தான். மற்றவர்கள் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் தண்ணீரை விட்டு ஏறவே மனம் வரவில்லை.

பசியாறிவிட்டு அவன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனோம், முப்பது கிலோமீட்டர். ரப்பர் மரங்கள் போய் எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. குட்டையில் புல் மண்டிக் கிடந்தது. கரையில் உட்கார்ந்து, இந்த வயதில் உனக்கு எதற்கடா போட்டி என்று கேட்டேன்.

"அன்னிக்கு முதல்ல வந்தவனுக்கு மட்டும்தான் நேரம் குறிச்சாங்க. என் நேரம் என்னன்னு இத்தனை வருசமா எனக்கே தெரியாது லா." சட்டைப் பையிலிருந்து காலைப் போட்டியில் கொடுத்த நேரச் சீட்டை எடுத்துக் காட்டினான். ஒரு நிமிடம் நாற்பத்தொரு வினாடி.

"அன்னிக்கு எனக்கு ஒரு கைதான்டா பட்டுச்சு," என்றேன்.

"தெரியும். பக்கத்துலதானே வந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். திரும்பி வரும்போது லாரியில சொல்லுவேன்னு பார்த்தேன். தோட்டத்து கேட்டு வந்துடுச்சு, நீ சொல்லல. அப்புறம் கேஎல் போயிட்டே."

மன்னித்துவிடு என்றேன். அவன் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று மோட்டாரை உதைத்தான்.

போகிறவர்களுக்கு: திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், ஞாயிறு மாலை ஆறு மணி பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. வெயில் கடுமை, தொப்பி எடுத்துப் போங்கள். பழக்கதோஷத்தில் ஒரு கையால் தொட்டுவிட்டால் அன்றைக்கே, லாரி தோட்டத்து கேட்டுக்கு வருவதற்குள், சொல்லிவிடுங்கள். டவுனிலிருந்து அங்கே முப்பதே கிலோமீட்டர்தான். எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆயிற்று.