தண்ணீர் படாத டைவர் வாட்ச்

பெங்களூரில் விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்துப் போய்த் திரும்புகிறவள். கார் விலைக்கு வாட்ச் விற்கிறேன் என்பதால் குடும்பத்தில் எனக்குத் தனி மரியாதை. யார் கையில் புது வாட்ச் ஏறினாலும் என்னிடம் நீட்டிக் காட்டிய பிறகுதான் மற்ற பேச்சு.

போன ஈஸ்டருக்கு மறுநாள் பேத்தமங்களா ஏரிக்கரையில் பிரியாணி செய்து சாப்பிடலாம் என்று எல்லோரும் கிளம்பினோம். அம்மாவின் அண்ணன்கள் இருவரும் வேனிலேயே வழக்கை ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய மாமா மஸ்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழியனுப்பும்போது கம்பெனி கொடுத்த டைவர் வாட்ச் அவர் கையில். கடலுக்குள் மூழ்குகிறவர்களுக்காகச் செய்தது அது. சின்ன மாமா கட்டியிருந்தது, டொரண்டோவில் இருக்கும் மகள் அறுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பியது. இரண்டு ஊர் நேரத்தையும் ஒன்றாகக் காட்டும். எது உசத்தி? தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான்.

“என்து இருநூறு மீட்டர் ஆழம் போவும்,” என்றார் பெரிய மாமா.

“நீ போவியா?” என்றார் சின்ன மாமா. “நம்மப்பா மைன்ல இதவிடப் பத்து மடங்கு ஆழம் போனாரு. கையில வாட்சே இல்ல.”

பெரிய மாமாவுக்கு நீச்சல் தெரியாது. வேன் முழுக்கச் சிரிப்பு.

அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு கொற மட்டும் கீதுமா. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக் கட்டினு போய் வந்து பீரோவுல வைக்கிறேன். ரெண்டு நாள்ல நின்னு பூடுது.”

“அது ஆட்டோமேட்டிக் மாமா. பாட்டரி கெடையாது. கை ஆட ஆடத்தான் சாவி ஏறும். தெனமும் கட்டுங்க.”

“தெனமும் கட்னா தண்ணி பட்டுடுமே!”

ஏரிக்கரையில் இறங்கியதும் தீர்ப்பைச் சொன்னேன். ஒன்று கடலுக்கு, ஒன்று பயணத்துக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் சின்ன மாமா தன் வாட்சைச் சரியாகப் பயன்படுத்துகிறார். நாளுக்கு ஒரே சுற்று வரும் அந்தக் கூடுதல் முள்ளைப் பார்த்து, மகள் விழித்திருக்கும் நேரத்தில்தான் போன் போடுகிறார். பெரிய மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவர் மனைவி, எங்கள் அத்தை, அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். “அதச் சுத்தி ஒரு வளையம் கீதே, அது இன்னாத்துக்கு?”

“நிமிஷ முள் இருக்கிற எடத்துக்கு அந்த முக்கோணத்தத் திருப்பி வச்சுட்டா, அதுலருந்து எவ்ளோ நேரம் ஆச்சுன்னு வளையத்துலயே தெரியும் அத்தை. காத்து தீர்றதுக்குள்ள மேல வரணும்ல. ஒரு பக்கம்தான் சுத்தும். தவறி இடிபட்டாலும் சீக்கிரம் வான்னு சொல்லுமே தவிர, லேட்டா சொல்லாது.”

“அப்ப பிரியாணி தம்முக்கு ஆவும். கழட்டுங்க.”

மாமா கழற்றிக் கொடுத்தார். அத்தை பிரியாணி குண்டானை மூடி, மேலே தணலைப் பரப்பி, வளையத்தைத் திருகினார். நேரம் முடிந்து மூடியைத் திறந்தபோது வந்த வாசனையில் பக்கத்து மரத்தடிக் குடும்பமே திரும்பிப் பார்த்தது. தன் வாட்சால்தான் அத்தனையும் நடந்தது போல மாமா அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, கை கழுவ நீரோரம் நடந்தார்.

பாசிக் கல். சறுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவரை தண்ணீர். இடது கை மட்டும் வானத்தைப் பார்த்து நேராக நின்றது.

“கைய கீழ போடுங்க!” அத்தை கரையிலிருந்து கத்தினார். “அதான் இருநூறு மீட்டர் போவுமே!”

சின்ன மாமா தூக்கிவிட ஓடினார். பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து, தன் வாட்சை நிதானமாகக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“தோல் வாரு. நனையக் கூடாதுன்னு அன்னிக்கே நீதானம்மா சொன்ன?”

அதற்குப் பிறகு யாராலும் யாரையும் தூக்கிவிட முடியவில்லை. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கை தளர்ந்தோ என்னவோ, பெரிய மாமா தானாகவே கையைத் தண்ணீருக்குள் இறக்கினார். உடனே எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“டேய், ஓடுதுடா!”

மறுபடி முக்கினார். மறுபடி பார்த்தார். அருகே இறங்கி வந்த தம்பி மேல் தண்ணீரை வாரி அடித்தார். பிரியாணி ஆறுகிறது என்று மூன்று பேர் கூப்பிட்டும் இருவரும் கரையேறவில்லை.

சாயங்காலம் டொரண்டோவில் விடிந்ததும் சின்ன மாமா மகளை வீடியோவில் அழைத்தார். பெரிய மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். “இன்னிக்கு டைவிங் பண்ணேன்மா. கழுத்துக்கு மேல தண்ணி!”

அவள் நம்பினாளோ இல்லையோ, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கை தட்டினாள்.