குழாய் வாயில் வைத்த சாக்கு

எங்க ஊர் ஓடைப்பாலத்தை இடிச்சுப்போட்டுட்டு, புதுப்பாலம் கட்டுதோம்னு பக்கத்துலயே மண்ணைக் கொட்டி ஒரு மாத்துப்பாதை போட்டாங்க. தண்ணி போறதுக்கு அடியில சிமெண்ட் குழாய் பதிச்சிருந்தாங்க. கோவில்பட்டி போற டவுன் பஸ், தீப்பெட்டி ஆபீஸ் வேன் எல்லாம் அது மேலதான். எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போயி, வாரத்துல ரெண்டு நாள் கோவில்பட்டியில டயாலிசிஸ். அந்தப் பாதை இல்லைன்னா அவருக்கு உசுரு இல்லை. இது ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐப்பசியில மழை பெஞ்சு ஓடையில தண்ணி வந்துச்சு. எங்க ஆளுகளுக்குத் தண்ணி ஓடிப்போறதைப் பாத்தா வயிறு எரியும். கரிசக்காட்டுல பிறந்தவங்களுக்கு அது ஒரு வியாதி. கடலுக்குப் போறதுக்கா இது பெஞ்சுச்சுன்னு, உரச்சாக்குல மண்ணை நிரப்பிக் குழாய் வாய் அம்புட்டையும் அடைச்சுட்டாங்க. பாதை கரையாச்சு, ஓடை குளமாச்சு. ஆடு மாடு குடிச்சுது, பக்கத்துக் கிணறெல்லாம் ஊறுச்சு. ஊரே சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சுது. கரையில உக்காந்துக்கிட்டு, ‘ஏலே, அந்த மூலையில இன்னொரு சாக்கு வையி, கசியுது பாரு’ன்னு ஏவினது யாருங்கீங்க? எங்க வீட்டுக்காரர்தான்.

ஒரு நாளைக்கு ரெண்டு தம்ளருக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மனுசன் பொழுதன்னைக்கும் அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். நான் போய்ச் சத்தம் போட்டா, ‘ஏட்டி, கண்ணாலயாவது குடிச்சுக்கிடுதேன், விடு’ம்பார்.

மார்கழியில வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. குழாய் அடைச்சுக் கெடக்கு, தண்ணி எங்கன போகும்? விடிஞ்சு பாத்தா பாதையைக் காணோம். அன்னைக்குத்தான் டயாலிசிஸ் நாள்.

மறுநாளும் தண்ணி வடியலை. அவருக்குக் கால் ரெண்டும் பானையாட்டம் வீங்கிருச்சு. படுத்தா மூச்சு முட்டுது. காட்டுப்பாதையாச் சுத்திப் போயிரலாம்னு டிராக்டர்ல ஏத்துனோம். கரிசமண்ணு விடுமா? முதக் காடு தாண்டலை, சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிருச்சு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணா, ‘ஓடைக்கு அக்கரையில நிக்கோம், நீங்க வாங்க’ங்காங்க. எப்படி வர? பறந்தா வர?

கடைசியில பாலவேலைக்கு நின்ன ஜேசிபிக்காரர்தான், ‘அக்கா, மண் அள்ளுற வாளியில உக்கார வைங்க, அக்கரையில விட்டிருதேன்’னார். அந்த இரும்பு வாளிக்குள்ள சாக்கை விரிச்சு அவரைச் சாய்ச்சு, நானும் ஏறிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். கீழ தண்ணி இரையுது. இவர் எட்டிப் பாத்து, மூச்சு வாங்க வாங்க, ‘இம்புட்டும் வீணாப் போகுதே’ங்கார். வந்த ஆத்திரத்துல தோள்ல ஒரு அடி வச்சேன். பெறகு அவர் தலையை நெஞ்சோட சேத்துக்கிட்டு அழுதேன்.

அந்தத் தடவை பிழைச்சுக்கிட்டார். தண்ணி முழங்காலுக்கு இறங்கிருச்சு, ரெண்டொரு நாள்ல பாதை போட்டிருவோம்னு சொன்னாங்க. நம்பி வீட்டுக்குக் கூட்டியாந்தேன். பாதை போடலை. அடுத்த டயாலிசிஸ் நாளுக்கு முந்தின சாயங்காலம் மறுபடி பிடிச்சுது மழை.

காலையில ஓடைக்கு ஓடினேன். இக்கரைக்கும் அக்கரைக்கும் தண்ணி. ஜேசிபியை வேற ஊர் உடைப்புக்குக் கொண்டு போயிருந்தாங்க. கரையில நின்னு யார் யாருக்கோ போன் அடிச்சேன். ஒருத்தரும் வரலை.

வீட்டுக்கு வந்தேன். அவருக்கு மூச்சு பாதிதான் வருது. தண்ணி கேட்டார். ரெண்டு வருசமா அளந்து அளந்து கொடுத்த கை இது. அன்னைக்கு அளக்கலை. செம்பு நிறையக் கொடுத்தேன்.